காற்றுப் புகாத ஜன்னல்

என் மனைவிக்கு மூச்சு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஜன்னல் வாங்கப் போனேன். கரண்ட் மிச்சமாகும், ஏசிக்குப் பாதி வேலைதான் என்பதெல்லாம் கடைக்காரர் சொன்னது. எனக்கு ஏசியைப் பற்றிக் கவலை இல்லை. அது மூச்சுத் திணறிச் சாகிற பொருள் அல்ல.

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு தோல் ஷாப்பின் மதில் இருக்கிறது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, முடி நீக்கிப் பதப்படுத்துகிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மாலையில் காற்று திரும்பினால் அந்தத் தொட்டிகளின் நாற்றம் நேராக எங்கள் முன்னறைக்கு வரும். நான் இங்கேயே பிறந்தவன். அந்த நாற்றத்தை நாற்றம் என்று கண்டுபிடிப்பதற்கே எனக்கு இருபது வயதானது, அதுவும் வெளியூர் போய்த் திரும்பி வந்த ஒரு நாளில். அவள் கணியம்பாடிப் பக்கத்துப் பெண். நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். கல்யாணமாகி வந்த முதல் வாரம் சோற்றுத் தட்டை மூக்குக்கு நேரே கொண்டுவர முடியாமல் அழுதாள். அப்புறம் பழகிவிட்டது. மனிதருக்கு எதுவும் பழகும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதைவிடக் கேவலமான குணம் நமக்கு இல்லை.

நாற்பதைத் தாண்டியதும் அவளுக்கு இழுப்பு வந்தது. ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். மாடிப்படி ஏறி மிஷினில் போய் உட்காருவதற்குள் நெஞ்சு விசில் அடிக்கும். சூப்பர்வைசர் நாலு நாள் பொறுத்தார், ஐந்தாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நின்றுவிட்டாள். மகளை அதற்கு முன்பே ஜோலார்பேட்டையில் ஒரு ரயில்வேக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

வேலூரில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் காட்டினோம். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"வீட்ல என்னம்மா பண்றீங்க?"

"சும்மாதான் டாக்டர் இருக்கேன்" என்றாள்.

நானும் தலையாட்டினேன். அவள் பொய் சொல்லவில்லை, நானும் பொய்க்குத் தலையாட்டவில்லை. எங்கள் பக்கம் வேலை என்றால் கேட்டுக்குள் போய் வருகைப்பதிவு மிஷினில் கட்டைவிரல் வைப்பது. வீட்டுத் தரையில் உட்கார்ந்து செய்வது எதுவும் வேலை அல்ல. மொபெட்டில் ஏஜென்ட் கொண்டுவந்து போடுகிற பையில் ஷூவின் மேல்பாகங்கள் இருக்கும். நாங்கள் அப்பர் என்போம். அவற்றுக்குப் பிரஷ்ஷால் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, உள்துணியை ஒட்டி, ஓரத்தை மடித்துக் கொடுப்பது தெருவில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. டிவி பார்த்துக்கொண்டே செய்வார்கள், பேசிக்கொண்டே செய்வார்கள். யாராவது கேட்டால் சும்மா இருக்கிறேன் என்பார்கள். அவளும் அப்படித்தான் காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை சும்மா இருந்தாள்.

டாக்டர் தூசி ஆகாது, புகை ஆகாது, கெட்ட வாடை ஆகாது, அதிக உஷ்ணமும் ஆகாது என்றார். வீட்டுப் பக்கத்தில் தோல் ஷாப்பு இருப்பதைச் சொன்னேன். "அப்ப ஜன்னலை மூடியே வைங்க" என்றார். எங்கள் ஜன்னலை மூடுவதும் மூடாததும் ஒன்றுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பழைய மரக்கதவு, வெயிலில் வளைந்து மழையில் ஊதி, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே விரல் போகிற சந்து. போன வருஷம் வாங்கிய ஏசி அந்தச் சந்து வழியாகத் தெருவைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது.

ஆக, நெடுஞ்சாலை ஓரத்து ஜன்னல் கடைக்குப் போனோம்.

என் தொழிலைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவன் நான். வடக்குப் பக்க ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, கத்தி பட்ட இடம் என்று குறை பார்ப்பேன். வடக்கு வெளிச்சம்தான் நிறத்தை மாற்றாமல் காட்டும். அதற்காக அந்த ஹாலில் ஆளுயர ஜன்னல்கள் வைத்திருக்கிறார்கள். தோலுக்கு வைத்தது, மனிதருக்கு அல்ல. இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் நிற்க எனக்குப் பிடிக்கும். குறை பார்த்துப் பார்த்து என் புத்தியும் அப்படி ஆகிவிட்டது. இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிட்டுச் சாப்பிடுவேன்.

கடைக்காரர் ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். உள்ளே பெரிய பல்பு எரிந்தது. பெட்டியின் ஒரு பக்கம் சாதாரணக் கண்ணாடி, இன்னொரு பக்கம் இரட்டைக் கண்ணாடி. "கைய வைங்கக்கா" என்றார் அவளிடம். சாதாரணக் கண்ணாடியில் வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இரட்டைக் கண்ணாடியில் வைத்தாள், எடுக்கவே இல்லை.

"மாமா, உள்ள பல்பு எரியுதா இல்லையான்னே தெரியல."

இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஈரமில்லாத காற்றை அடைத்திருக்கிறார்களாம். வெயிலைத் திருப்பி அனுப்புகிற மெல்லிய பூச்சு ஒன்று உள்பக்கம் உண்டாம். சட்டம் பிளாஸ்டிக், அது மரம் மாதிரி ஊதாது, இரும்பு மாதிரி சுடாது. எல்லாம் சரி. நான் கேட்டது ஒன்றே ஒன்று, மூடினால் காற்று புகுமா? நகர்த்தித் திறப்பது என்றால் கொஞ்சம் புகும், கீல் வைத்துக் கதவு மாதிரித் திறப்பது என்றால் சுற்றிலும் ரப்பர் அழுத்திக்கொள்ளும், புகாது என்றார். அதையே கொடுங்கள் என்றேன். அதோடு விடவில்லை. சாம்பிள் ஜன்னலின் மூலை மூலையாக ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கண்ணாடியைச் சாய்த்து வைத்துக் கோடு இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு தாளைச் சந்தில் வைத்து மூடி, இழுத்தால் வருகிறதா என்று சோதித்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ நேரம் பாக்கல" என்றாள் மூச்சுக்கு நடுவே.

"உன்கிட்ட கொற இல்ல, அதான்" என்றேன்.

அந்தக் கடைக்காரர் எந்தத் திசை, எத்தனை ஜன்னல், சுவர் என்ன கனம், வெளியே சன்ஷேட் உண்டா என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அறைக்குள் என்ன நடக்கும் என்று கேட்கவில்லை. எந்தக் கடைக்காரரும் கேட்க மாட்டார். கேட்டிருந்தாலும் உட்காருவோம், டிவி பார்ப்போம் என்றுதான் சொல்லியிருப்போம்.

சித்திரை பிறப்பதற்கு முன்பே ஜன்னல் வந்து இறங்கியது. பொருத்த வந்தவர்களைப் படாதபாடு படுத்தினேன். மூடிய ஜன்னலின் ஓரத்தில் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடிப்பேன். புகை ஆடினால் எங்கோ காற்று வருகிறது. கழற்றித் திரும்ப மாட்டச் சொல்வேன். "இன்னா சார் பேஜார் பண்றீங்க, பேங்க் லாக்கரா இது" என்று ஒருவன் முனகினான். கடைசியில் புகை ஆடாமல் அசையாமல் நேராக மேலே போனது. அன்று சாயங்காலம் காற்று திரும்பிய நேரத்தில் இருவரும் முன்னறையில் உட்கார்ந்து காத்திருந்தோம். நாற்றம் வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்மின் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போய்க் காபி போட்டாள். வாழ்க்கையில் ஒரு காரியத்தை முழுசாகச் செய்து முடித்தேன் என்று அன்று நினைத்தேன். நல்ல சந்தோஷம் அது.

தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுப் பெண் புருஷன் விட்டுப் போனவள், இரண்டு பிள்ளைகளோடு இருப்பவள், அவளும் அப்பர் ஒட்டுகிறவள்தான். வந்து கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணி குடுத்து வச்சவங்க" என்றாள்.

அதற்குப் பிறகு என் மனைவி முன்னறையை விட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டது. முன்பெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தவள், இப்போது பையை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். வெளியே வேலூர் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே அவள் முந்தானையைப் போர்த்திக்கொண்டிருந்தாள். காலையில் கிளம்பும்போது அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் போவது எனக்கு மனநிறைவாக இருந்தது.

ஆனால் இழுப்பு குறையவில்லை. வைகாசியில் ஜாஸ்தியானது. வாயில் வைத்து அடிக்கிற பம்ப்பை இடுப்பிலேயே சொருகிக்கொண்டாள். பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். எனக்குப் புரியவில்லை. எங்கோ சந்து இருக்கிறது என்று மறுபடி ஊதுபத்தி எடுத்துக்கொண்டு சுற்றினேன்.

ஆடி மாதம் கணியம்பாடியில் அவர்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்குப் போனாள். ஒரு வாரம் இருந்தாள். நான் கடைசி நாள் போய்ச் சேர்ந்தபோது கூழ்ப்பானைக்குப் பக்கத்தில் நின்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். முழு வாக்கியமாக அதட்டினாள். பம்ப்பைத் தொடவே இல்லை என்று அவள் அண்ணன் சொன்னார். பார்த்தாயா, சுத்தமான காற்று, எல்லாம் அந்தத் தோல் ஷாப்புக் காற்றினால் வந்த வினை என்று முடிவு கட்டினேன். ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை, முன்னறைச் சுவரில் கூரையை ஒட்டி இருந்த காற்றுத்துளைகளைச் செங்கல் வைத்துச் சிமென்ட் பூசி அடைத்தது. அவள் கீழே நின்று கலவைச் சட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

நாற்றம் என்றால் எங்களுக்குத் தோல் ஷாப்பு நாற்றம்தான். அதைப் பற்றி மனு கொடுப்போம், பேசுவோம், வெளியூர்க்காரர் மூக்கைப் பொத்தினால் வெட்கப்படுவோம். சொல்யூஷன் வாசனை அந்தக் கணக்கில் வராது. பெட்ரோல் மாதிரி, கொஞ்சம் இனிப்பாக, மூக்கில் ஏறுகிற வாசனை. ஒரு வீட்டிலிருந்து அது வந்தால் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது என்று அர்த்தம். சோற்று வாசனையை யார் சந்தேகப்படுவார்கள்?

ஐப்பசியில் கம்பெனிக்கு, ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் சோதனைக்கு வந்தார்கள். வருவதற்கு முன்பு நடக்கிற கூத்து ஊருக்கே தெரியும். புது மாஸ்க், புதுக் கையுறை எல்லோருக்கும் கொடுப்பார்கள். கக்கூஸுக்குச் சோப்பு வரும். வீட்டு வேலைக்குப் போகிற பைகளை அன்று கண்ணில் காட்ட மாட்டார்கள். நான் ஒரு தோலில் தழும்பு பற்றிக் கேட்க ஒட்டும் செக்‌ஷனுக்குப் போயிருந்தேன். சோதனைக்கு வந்த அம்மாள் அங்கேதான் நின்றிருந்தார். ஒரு ஜன்னல் மூடியிருந்ததைக் காட்டி ஏதோ கோபமாகச் சொன்னார். மேனேஜர் ஓடிப் போய் அதைத் திறந்தார். சூப்பர்வைசர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"இந்த டின்னு தொறந்து இருக்கிற எடத்துல ஜன்னலு மூடி இருக்கக் கூடாதாம்பா. உள்ள இருக்கிறவன் நுரையீரலு போய்டுமாம். ஃபேன் வேற போடணுமாம்."

சொல்யூஷன் டின்னைப் பார்த்தேன். மஞ்சள் டின், சிவப்பில் நெருப்புப் படம். அதே டின் என் வீட்டில் முன்னறையில் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நான் ரப்பர் ரப்பராக அழுத்திப் பார்த்து வாங்கிய ஜன்னலுக்கு அடியில், மூடி திறந்து இருந்தது.

தலைவலி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தபோது குளிர் முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால் அந்த வாசனை, அறை முழுக்க, கண்ணில் எரிச்சலோடு. இத்தனை மாதம் அது என் மூக்கில் ஏறவே இல்லை. ஓடிப் போய் இரண்டு ஜன்னலையும் திறந்தேன்.

"ஏசி ஓடுது மாமா. இன்னா, பைத்தியமா?"

"அந்த டின்ன மூடு."

என் முகத்தைப் பார்த்து மூடியை வைத்து அழுத்தினாள்.

"இதுதான் உன் மூச்சக் கெடுக்குது. தோல் ஷாப்பு இல்ல. இது."

"தெரியும்" என்றாள்.

"எப்போத்துலருந்து?"

"திருவிழாவுக்குப் போய்ட்டு வந்ததுலருந்து. அங்க ஒரு வாரம் நல்லாத்தான் இருந்தேன். இங்க வந்து மூடியத் தொறந்தேன், நெஞ்ச அடைச்சுது. பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும் இது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பைய வாசல்லயே திருப்பி அனுப்பிடுவ. அப்புறம் நான் இன்னா பண்றது? உக்காந்து மூச்சு உட்டுனு இருக்கறதா?"

கோபத்தில் டின்னைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். அவள் மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், அதை எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். கம்பெனியில் பதினெட்டு வயதில் மிஷினில் உட்கார்ந்தவள் அவள். ஒரு தையல் கோணினால் தானே பிரித்துத் தைப்பாள். கேட்டுக்கு வெளியே தள்ளிய பிறகு அவளிடம் மிச்சமிருந்தது அந்தப் பை ஒன்றுதான். அதையும் பிடுங்குகிறவனாக நான் நின்றேன். அன்று எனக்கு அது புரியவில்லை, கத்தினேன். இன்று புரிகிறது, இன்றும் கத்தத்தான் தோன்றுகிறது.

பை நிற்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டினாள். திறந்தால் தோல் ஷாப்பு, மூடினால் சொல்யூஷன். நடுவில் ஒரு நல்ல காற்று எங்கள் வீட்டுக்கு எழுதி வைக்கவில்லை. பிறகு பின்பக்கம் தகரக் கூரைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். பனிக்காலம் வரை சமாளித்தாள். அடுத்த வெயில் வந்ததும் அந்தத் தகரம் அடுப்பானது. டாக்டரிடம் இந்த முறை எல்லாவற்றையும் சொன்னோம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். நுரையீரல் பழையபடி ஆகாது, இனி இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அதையும் காப்பாற்ற முடியவில்லை. கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம், வேலூர் போகிற வழியில், ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளின் நெஞ்சு விசில் நின்றது. குணமாகிவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன்.

முன்னறையில்தான் ஐஸ் பெட்டி வைத்தார்கள். யாரோ ஜன்னல்களை மூடி ஏசியைப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் அழுதார்கள், அழுது முடித்து உட்கார்ந்தார்கள், வெளியே இவ்வளவு வெயில் இருந்தும் உள்ளே தெரியவில்லையே என்று மெல்லப் பேசிக்கொண்டார்கள். ஒரு சித்தப்பா கண்ணாடியைத் தட்டிப் பார்த்து நல்ல ஐட்டம் என்றார். எழுந்து அவர் சட்டையைப் பிடிக்கலாம் என்றிருந்தது. ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் யாரோ மறுபடி மூடினார்கள்.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு காலையில் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். ஒரு தூக்கில் ரசம் சாதம். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணா, இந்த ஜன்னலு எந்தக் கடையில வாங்கனீங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் தூக்கைக் கீழே வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டின்னைச் சொன்னேன், மூடிய அறையைச் சொன்னேன், நுரையீரல் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். உன் அண்ணியைக் கொன்றது அதுதான், உனக்கு அந்த ஜன்னல் வேண்டவே வேண்டாம் என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு முழுவதும் கேட்டாள்.

"தெரியும்ணா. அண்ணி எங்கிட்ட அப்பவே சொன்னாங்க. அதுக்குத்தான் கேக்கறேன்."

"இன்னாது அதுக்குத்தான்?"

"நான் ஒட்றது முன்னால ரூம்பு. புள்ளைங்க படிக்கிறது, படுக்கிறது பின்னால. நடுச்செவுத்துல ஒரு ஜன்னலு இருக்கு, பழைய மரம், நெறைய சந்து. அதுக்கு மட்டும் இந்தக் கண்ணாடி போட்டா, வாசன புள்ளைங்க பக்கம் வராது இல்ல? நான் இந்தப் பக்கம் இருந்துக்கறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். சின்னவன் பள்ளிக்கூடச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். பையை நிறுத்து என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிறுத்திவிட்டு என்ன செய்வது என்று அவளும் கேட்பாள். அவள் மறுபடி கேட்டாள்.

"நவுத்துற மாதிரி வாங்கலாமா, கீல் வச்சதா?"

"கீல் வச்சதும்மா" என்றேன். "அதுதான் சுத்தமா அடைக்கும்."